கடன் கொடுத்த கை

என்னைப் பேட்டரி கம்பெனிக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் டெய்லர். அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ச் சந்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிறேன். உள்ளே ஈயத்தை உருக்கித் தகடு ஊற்றுவதும், ஈயப் பொடியைக் குழைத்து அந்தத் தகட்டில் அப்புவதும் என் மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் அவன் பாதித் தூக்கத்தில்தான் சொல்வான்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். பொடி ரூமில் வேலை. வேலைக்குச் சேருவதற்கு முன்னால் துறுதுறுவென்று இருந்த பயல், இப்போது சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடியே கண் சொருகிவிடுகிறான். தெருவே அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டது. "டேய், தட்டுலயே விழுந்துடாதடா, அப்புறம் உன்னையும் சேர்த்துக் கழுவணும்" என்று அக்காக்காரி தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி தூங்குவான்.

கொஞ்ச நாளாக எனக்கும் அப்படித்தான் இருந்தது. மதியத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழும். அந்தப் பட்டைக்குள் தூசி மினுமினுவென்று ஏறும், இறங்கும், எங்கேயும் உட்காராது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மிஷின் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகப் போகும். கால் தானாக மிதிக்கும், கை தானாகத் துணியைத் தள்ளும், நான் மட்டும் எங்கேயோ உத்தரத்துப் பக்கம் நின்று என்னையே பார்ப்பேன். நாக்கில் ஓர் இனிப்பு ஊறும். சர்க்கரை இனிப்பு இல்லை. சின்ன வயதில் காசை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அது. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலமானால் வயிறு முறுக்கும், அதற்கும் வயதைத்தான் திட்டினேன்.

என் கடைக்கு வருகிற துணியில் முக்கால்வாசி கம்பெனி யூனிஃபார்ம்தான். ஆசிட் பட்டு முழங்காலில் ஓட்டை, அக்குளில் பிரிசல், பட்டன் காணோம். மகராசன்கள் புது யூனிஃபார்ம் தருவது அத்தி பூத்த மாதிரி. அதனால் ஷிப்ட் முடிந்ததும் வேர்வையும் சாம்பல் பொடியுமாக அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, காலைல வேணும்" என்று போய்விடுவார்கள். நான் வாசலில் ரெண்டு உதறு உதறி மடியில் போட்டுக்கொள்வேன். நூல் முனையை உதட்டில் நனைத்து ஊசியில் கோத்து, தைத்து முடித்ததும் பல்லால் கடித்துத் துப்ப வேண்டியதுதான். உலகத்தில் எந்த டெய்லர் ஒவ்வொரு நூலுக்கும் கத்திரிக்கோலைத் தேடுகிறான்? வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைப்பாள், தையல் பிரிப்பாள். அவளும் பல்லால்தான் கடிப்பாள். என்னிடம் கற்றுக்கொண்டவள்தானே.

அவள் உண்டாகியிருந்தாள். அதுதான் அப்போது எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. இதற்கு முன்னால் ரெண்டு தடவை தங்கவில்லை. இந்த முறை நாலாம் மாதத்தைத் தாண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லக்கூட எங்களுக்குப் பயம். பெரிய ஆஸ்பத்திரியில் விடாமல் காட்டிக்கொண்டே இருக்கணும், ஊசியை ஒரு வேளைகூடத் தவற விடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் தையலில் வயிறு நிறையும், ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது. மச்சான் சம்பளத்தில்தான் அது நடந்தது. பிள்ளை தங்கணும் என்றால் அவன் வேலை தங்கணும்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் ரத்தம் எடுத்து ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இறங்கினதும் கூப்பிடுவோம் என்பார்கள். கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. போன தடவை மச்சானுக்கு முப்பத்தெட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"மாமா, ஒரு உதவி."

"என்னடா, பீடிகை பலமா இருக்கு?"

"நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க கை குடுக்கணும்."

பொடி ரூம்காரர்களிடம் இது ஓசைப்படாமல் நடக்கிற பழக்கம். அந்த நாற்பது என்கிற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவன், ஈயம் பக்கமே போகாத ஓர் ஆளின் கையைக் கடன் வாங்குவான். டீக்கடைக்காரர் ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார். முடிவெட்டுகிறவர் ஒருத்தனுக்குக் கொடுத்தார். தொப்பி, மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்? நர்சம்மா பார்ப்பது பேட்ஜையும் நரம்பையும் மட்டும்தான்.

"மாட்டினா?" என்றேன்.

"மாட்ட மாட்டீங்க மாமா. நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

"வாயைப் பாரு இவனுக்கு! மாஸ்க்குக்குள்ள தூங்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே? உன்னை மாதிரியே நடிச்சுடறேன்."

உள்ளே படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி, "குடுத்துட்டு வாங்களேன். ஒரு சொட்டு ரத்தத்துல என்ன கொறைஞ்சுடப் போகுது" என்றாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. சரி என்றேன். எனக்கும் ஒரு பெருமைதான். என் ரத்தம் சுத்தமான ரத்தம். ஒரு தகட்டைத் தொட்டிருப்பேனா நான்?

மறுநாள் காலையில் மச்சானின் யூனிஃபார்மில் நான் அந்த வரிசையில் நின்றேன். முன்னால் இருபது தொப்பி, பின்னால் இருபது தொப்பி. பேச்சே இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. எங்கேயோ ஃபேன் சுற்றுகிற சத்தம், கால்கள் ஒரு அடி நகர்கிற சத்தம். தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி நகர்ந்து நகர்ந்து போனேன். நர்சம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி ஏறினது, சின்னக் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறினது. அழகாகத்தான் இருந்தது. இதில் ஒரு குறையும் இருக்காது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் நிம்மதி. வீட்டுக்காரி ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்கு மடித்து மடித்து வைத்தாள். மாதத்தை எண்ணாதே, முன்கூட்டி எதுவும் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. மதியத்து வெயில் பட்டையில் தூசி மிதந்தது, நான் மிதித்துக்கொண்டிருந்தேன், அவள் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே பட்டன் வைத்தாள். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

ரெண்டு மணி ஷிப்ட்டுக்குப் போன மச்சான் போன கையோடு திரும்பி வந்து நின்றான். பேயறைந்த மாதிரி முகம். அவன் கண் அத்தனை பெரிசாகத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாமா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"என்னடா?"

"வெளிய அனுப்பிட்டாங்க. ஐம்பத்தி மூணாம்!"

"எது ஐம்பத்தி மூணு?"

"உங்க ரத்தம்! எங்க சூப்பர்வைசருக்குக்கூட அவ்வளவு இல்லை மாமா. அடுப்புல நிக்கிறவனுக்கு இல்லை. என்னைப் பார்த்து, எப்படிப்பா உயிரோட நிக்கிறேன்னு கேக்கறாங்க!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எவன்டா சொன்னது? குழாயை மாத்தியிருப்பாங்க! நான் அந்தப் பக்கம் காலெடுத்து வெச்சவனா? கேட்டைத் தாண்டினதே அன்னிக்குத்தான்! எவனோ பொடி தின்னவன் ரத்தத்தை என் தலையில கட்டறாங்க. வாடா, நான் வந்து கேக்கறேன், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்" என்று குதித்தேன். அவனும் கத்தினான். மடியில் இருந்த சட்டையை நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். வெயில் பட்டையில் தூசி புகையாக எழும்பியது. சாம்பல் நிறம், மினுமினுவென்று.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது ஏறிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரியின் பல்லில் நூல் இருந்தது. மெதுவாக அதை எடுத்தாள். மடியில் இருந்த சட்டையைத் தரையில் நழுவ விட்டாள். எழுந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள். வெறும் காலோடு வெயிலில் நின்றாள்.

"உள்ள வா, கால் சுடும்" என்றேன்.

"மாட்டேன்" என்றாள். அப்புறம் கேட்டாள்: "உங்களுக்கே ஐம்பத்தி மூணுன்னா, எனக்கு எவ்வளவு?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது பயமில்லை, பயத்துக்கும் மேலே ஏதோ ஒன்று. ரெண்டு தடவை. அந்த ரெண்டு தடவையும் அவள் இதே ஸ்டூலில் உட்கார்ந்து இதே சட்டைகளுக்குப் பட்டன் வைத்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்படியே கம்பெனிக்குப் போனோம். நர்சம்மா ரூமில் ஃபினாயில் வாசனை. நான் விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்து, "இவங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்றேன்.

"இங்க வேலை பாக்கறவங்களுக்கு மட்டும்தான்."

"ஒரு ஊசிதானேம்மா!"

"ஏன் எடுக்கணும்? காரணம் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தான். "ஐம்பத்தி மூணு என்னோட ரத்தமில்லைங்க. மாமாவோடது. நான்தான் இவரை அனுப்பினேன்." சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழித்தான். நம்பர் இறங்கினால் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்று ஒரு நூலிழை இருந்தது. அதையும் அவனே அறுத்துவிட்டான். ஆள் மாறாட்டம் செய்தவனை எந்தக் கம்பெனி கூப்பிடும்? எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. "தூங்குமூஞ்சிப் பயலே" என்று மட்டும் சொன்னேன்.

"அடப்பாவிகளா!" என்று தலையில் கை வைத்தார் நர்சம்மா. என் உதட்டைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். நூலை எப்படிக் கோப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்.

முடிவு வந்தபோது மச்சானுக்கு நாற்பத்தி நாலு. எனக்கு ஐம்பத்தி ரெண்டு, ஆக குழாயை யாரும் மாற்றவில்லை. அவளுக்கு இருபத்தி ஒன்பது.

"கோட்டுக்குக் கீழதானே இருக்கு?" என்று கேட்டேன். என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"அது வேலைக்காரங்களுக்குப் போட்ட கோடு. வயித்துல இருக்கறதுக்கு எந்தக் கோடும் கிடையாது" என்றார் நர்சம்மா. "அம்மா ரத்தத்துல என்ன இருக்கோ, அதுதான் பிள்ளைக்கும். பயமுறுத்தலை. இனிமே ஏறாம பாத்துக்கங்க. அந்த வீட்டுல இவங்க ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அங்க இருந்து ஒரு துணிகூட எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது."

அதனால் அவள் சித்தி வீட்டுக்குப் புறப்பட்டாள். பக்கத்துக் கடையில் வாங்கின புதுப் புடவை, புதுச் செருப்பு. கை வீசிக்கொண்டு நடந்தாள். மடித்து மடித்து வைத்த குழந்தைத் துணியெல்லாம் மேலே வீட்டிலேயே கிடந்தது. மச்சான் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, தலையோடு குளித்து, கடன் வாங்கின சட்டையில் நின்றான். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பத்தடி தள்ளியே நடந்தேன். குளித்திருந்தேன், வேறு சட்டைதான், ஆனாலும் நம்பிக்கை இல்லை. நகக்கண்ணில் அந்தச் சாம்பல் இருந்தது. இத்தனை வருஷமாக அதை அழுக்கு என்றுகூட நினைத்ததில்லை.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காலை வெளிச்சத்தில் பஸ்ஸின் கண்ணாடிகளெல்லாம் வெள்ளையாகக் கூசின. அவள் முகம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. திடீரென்று கத்தினாள்.

"ஏங்க! இங்க வாங்க, சீக்கிரம்! ஆடுதுங்க! உள்ள ஆடுது!"

ரெண்டு தடவையும் இது வரைக்கும் வந்ததில்லை. ஓடினேன். படியில் ஏறி, அவள் சீட்டுக்குப் பக்கத்தில் போய், கையை நீட்டிவிட்டேன். நீட்டின கையை நானே பார்த்தேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"வைங்களேன்! இதோ, இங்கதான்!"

"இரு. கை கழுவிட்டு வந்துடறேன்."

"பஸ் எடுத்துடுவாங்க!"

"ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்டி!"

இறங்கிக் குழாயடிக்கு ஓடினேன். அங்கே ஒரு சோப்புத் துண்டு கிடந்தது. தேய்த்தேன். நகத்துக்கு அடியில் தேய்த்தேன், ரேகையில் தேய்த்தேன், முழங்கை வரைக்கும் தேய்த்தேன். நுரை வெள்ளையாகத்தான் வந்தது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பின்னால் ஹாரன் அடித்தது. ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். பஸ் நகர்ந்துவிட்டது.

அவள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "ஓடாதீங்க! விழுந்துடப் போறீங்க! இது இன்னும் நிறைய ஆடும், மெதுவா வாங்க!" என்று கத்தினாள்.

"ஆடணும்! விடாம ஆடச் சொல்லுடி!" என்று நடு ரோட்டில் நின்று நானும் கத்தினேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கையை இறக்கவே மனசு வரவில்லை.