அப்பா படத்தின் பின்பக்கம்

தன் மகள் தனுஷாவின் கல்யாணப் பத்திரிகையில் முதலாவதை மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு அக்கா கச்சிராயபாளையத்திலிருந்து வந்திருந்தாள். அப்பா படத்துக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று தெரியும். போன வருஷமும் கேட்டாள்.

“இளவரசா, படத்தக் குடுடா. ஸ்டூடியோல ஒரு காப்பி போட்டுக்கினு சாயங்காலமே திருப்பிக் குடுத்துடறேன். போன்ல எடுத்தா கண்ணாடில லைட்டுதான் தெரியுது. தாலி கட்டும்போது அப்பா மூஞ்சி அங்க இருக்கணும்.”

“ஸ்டூடியோக்காரன் தொலைச்சிட்டான்னா?” என்றேன். இருக்கிற ஒரே படம் அது. அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவின் முக்கால் ஏக்கர் மக்காச்சோளக் கொல்லையை விற்றேன். அக்கா சின்னசேலம் பத்திர ஆபீசுக்கு வந்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு புடவையோடு போனாள். பணம் அப்பாவின் கடனுக்குப் போனது என்று அவளிடம் சொன்னேன். போகவில்லை. கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் காசு வாங்கினேன். ஆன்லைனில் இருந்தால் திருட்டுப் போகும் என்று பயந்து, பென்டிரைவ் மாதிரி ஒரு கருவிக்கு மாற்றினேன். கருவி கெட்டுப்போனாலும் அது முதல் நாள் காட்டிய இருபத்துநான்கு இங்கிலீஷ் வார்த்தைகள் கையில் இருந்தால் பணம் திரும்ப வரும். வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்குப் போய்விடும். போனில் வைக்காதே, வீட்டில் யாரும் தூக்கிப் போடாத பொருளில் எழுதி வை என்றான் யூடியூபில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த வீடியோக்காரன். என் மனைவி கலையரசி போகிக்கு எரிக்காத காகிதம் எங்கள் வீட்டில் கிடையாது. என் பத்தாவது மார்க் ஷீட்டே அப்படித்தான் போனது. அவள் கை வைக்காதது அப்பா படம் ஒன்றுதான். ஃபிரேமைக் கழற்றி, அந்த வார்த்தைகளைப் படத்தின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதினேன். பெரிய மூளைக்காரன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வேறு தாளில் எழுதிக்கொண்டு, படத்தில் இருப்பதை அடித்துவிடலாம். ஆனால் அடித்த இடம் தெரியுமே. அப்பா முதுகில் என்ன கிறுக்கி வைத்திருக்கிறாய் என்று அக்கா கேட்டால், பதிலைக் கொல்லையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காபி கொண்டுவந்த கலையரசி, “குடுத்தனுப்புங்களேன். இன்னா கெட்டுப் போவுது?” என்றாள்.

எனக்காக அக்காவே பேசினாள்.

“வுடு கலை. அவனுக்கு மனசு வரல. நான் கட்டிக்கினு போனவ. கடைசி வரைக்கும் அப்பாவத் தூக்கிக் குளிப்பாட்டனவன் அவன்தான. அந்தப் பாசம்.”

குளிப்பாட்டியது நிஜம். அதனால்தான் இன்னும் கேவலமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதே சொல்லிவிடு என்று வாயைத் திறந்தேன். “காபி ஆறிடப் போவுதுக்கா” என்பதுதான் வந்தது.

காபியைக் குடித்துவிட்டு அவள் பத்திரிகையை எடுத்து என் கையிலும் வெற்றிலை பாக்கைக் கலையரசி கையிலும் கொடுத்தாள். ஸ்டூலில் ஏறி, கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தாள்.

“இன்னாடா இது, அப்பா சட்டையில நீலமா?”

நானும் அப்போதுதான் பார்த்தேன். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஓதம் ஏறியிருந்தது. பின்பக்கத்து மை ஊறி முன்னால் வந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சு முழுக்கப் படர்ந்திருந்தது. வார்த்தைகள் அழிந்திருக்குமோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அப்பா அதற்கப்புறம்தான் வந்தார்.

அக்கா முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு அழுத்தித் துடைத்தாள்.

“போவ மாட்டேங்குதுடா. ஸ்டூல கெட்டியா புடி” என்றாள்.

பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.