நடுவில் நன்றாக இறங்க வேண்டும்

கோயமுத்தூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இதை நானும் ஷாஹுலும் பேராசிரியர் சுந்தரராஜுலுவிடம் பணிவுடன் எடுத்துச் சொன்னோம். அவர் கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வேயராக இருந்துவிட்டு எங்கள் சிவில் துறைக்கு வந்தவர். கீழே கரியை வெட்டி எடுத்தால் மேலே தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதைத் தவிர, மனிதன் செய்யத்தக்க வேலை வேறு இருப்பதாக அவர் நம்பவில்லை. எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட்டும் அதுதான்.

"சுரங்கம் இல்லேன்னா என்னய்யா? பூமிக்குள்ள ஓட்டை இருந்தாச் சரி. தேடுங்க."

ஓட்டை கிணத்துக்கடவில் கிடைத்தது. தம்பிதுரை என்பவருடைய தென்னந்தோப்புக் கிணற்றின் பக்கவாட்டில், தண்ணீர் ஊற்றுக்காக வெட்டிய குகை ஒன்று தோப்புக்கு அடியில் ஓடியது. அதற்கு மேலே, குறுக்கு வரிசையாக இரும்பு முளைகள் அடித்தோம். தோப்புக்கு வெளியே, அசையாத பாறை ஒன்றில் குறி போட்டோம். பாறையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு முளையும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சனிக்கிழமைதோறும் லெவல் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். அதற்குள் டில்லியில் ஓர் ஆட்சியே இறங்கிவிட்டது. தோப்பு இறங்கவில்லை.

"கிராஃப் நேர்கோடா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பேராசிரியர். "கிண்ணம் மாதிரி வரணும்."

கையெழுத்து இல்லாவிட்டால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாவிட்டால் ஷாஹுல் அவனுடைய அத்தாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்து குக்கருக்கு விசில் மாட்ட வேண்டும். எனக்கு அந்த வசதியும் இல்லை.

சனிக்கிழமைகளில் தம்பிதுரையின் மனைவி சென்னியம்மாள் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. அன்று அரிசிம்பருப்புச் சோறு.

"ஏனுங் கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"மண்ணு எறங்க மாட்டேங்குதுங்கக்கா" என்றான் ஷாஹுல், நெய்யை ஊற்றிக்கொண்டே. "எறங்கினாத்தான் பாஸு."

"எங்கத்த எறங்கோணும்?"

"ஓரத்துல கொஞ்சம். நடுவுல நல்லா."

"அட, இதுக்குப் போயி! நீங்க சாப்புடுங்க."

அடுத்த சனிக்கிழமை மண் இறங்கியிருந்தது. கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். இறங்கித்தான் இருந்தது. வாராவாரம் இறங்கியது. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் நல்லா.

கிராஃபைப் பார்த்த பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வளைவைப் பார்த்ததில்லைய்யா" என்றார். துறைத் தலைவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். பிறகு பேராசிரியர் எங்களையும் கூட்டிக்கொண்டு நேரில் தோப்புக்கு வந்தார். வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"இது எந்த நேரமும் உள்ள போயிரும். யாரும் தோப்புக்குள்ள கால் வைக்கக் கூடாது. கிணத்து மோட்டாரை நிறுத்துங்க."

"மோட்டாரை நிறுத்திப்போட்டுத் தென்னைக்கு நானென்ன எச்சியாங்க துப்பறது?" என்றார் தம்பிதுரை. கோபத்திலும் 'ங்க' குறையவில்லை.

சென்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார்.

"சார், மோட்டாரை நிறுத்திப்போடாதீங்க. மண்ணெல்லாம் எறங்கலீங்க. வெள்ளிக்கெழமையானா நாந்தான் சம்மட்டிய எடுத்துட்டுப் போயி ஆணிக்கு ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு வாரனுங்க. பசங்க பாஸாகோணுமில்லீங்களா?"

பேராசிரியர் வரப்பிலிருந்தே முளைகளை எட்டிப் பார்த்தார். பிறகு, "நடுவுல?" என்றார்.

"நடுவுல நாலு தட்டுங்க. அந்தக் கண்ணுதான் சொல்லுச்சு."

தம்பிதுரை மனைவியைப் பார்த்தார். "ஏனம்மிணி, நான் சம்மட்டியக் காணோம்னு தோப்பு பூராத் தேடறேன்!"

ஷாஹுல் என் காதோரம், "மாப்ளே, எங்க கடையில இன்னொரு ஆளும் எடுப்பாங்கடா" என்றான்.

பேராசிரியர் முளை வரிசையை ஒட்டி நடந்துபோனார். நடு முளைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அதன் தலை சப்பையாகியிருந்தது. திரும்பி வந்தபோது முகம் சாந்தமாக இருந்தது.

"கிராஃபை இனிமேல் சுவத்துலருந்து எறக்க முடியாது. தலைப்பை மாத்திருங்க."

'தரை இறக்க அளவீட்டில் உள்ளூர் விசைகளின் தாக்கம்.' எங்கள் ப்ராஜெக்ட்டின் புதிய தலைப்பு இதுதான். மோட்டார் ரூம் சுவரில் தாளை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "உள்ளூர் விசையின் தன்மை என்ன?" என்று கேட்டார்.

"வாரம் ஒரு தடவை வரும் சார்" என்றான் ஷாஹுல். "வெள்ளிக்கிழமை."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டாம் வகுப்பில் தேறினோம்.

மைசூர்பாகுடன் கிணத்துக்கடவுக்குப் போய்ச் சொன்னோம். சென்னியம்மாளுக்கு முகம் மலரவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? சம்மட்டியப் புடுங்கி வெச்சுப்போட்டீங்களே. இன்னும் ரெண்டு போடு போட்டிருந்தன்னா பசங்க ஃபர்ஸ்ட் கிளாசே வாங்கியிருக்குமுங்க!"