அனுமதி பெறாத கிளை

ஓட்டல் கட்டடம் முதலாளியுடையது. வாசலில் ஒளிரும் பெயர் கம்பெனியுடையது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் சில வருடங்களுக்கு ஒருமுறை அறைகளையெல்லாம் கம்பெனி சொல்கிறபடி புதுப்பித்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்று அவர் அந்தப் பக்கத்தைப் படிக்கத்தான் செய்தார். சில வருடங்கள் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை வந்த உத்தரவில் பழுப்பு நிறம் ஒழிக்கப்பட்டிருந்தது. கனமான கட்டில், மெத்தென்ற சாய்வு நாற்காலி, தடித்த திரைச்சீலை எல்லாமே போக வேண்டும். இனி சாம்பல், வெள்ளை, உயரமில்லாத கட்டில். மேனேஜராக இருந்த மைத்துனன் மாதிரிப் படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினான்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கேடா" என்றார் முதலாளி.

"ஆஸ்பத்திரியில கட்டிலை ஏத்தி இறக்கலாம் அத்தான். இதுல அதுவும் முடியாது."

பழைய சாமான்கள் பின்முற்றத்தில் குவிந்தன. பார்க்க வந்த முதலாளியின் மனைவி ஒரு மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"இதையா தூக்கிப் போடப் போறீங்க?"

"போடக்கூட முடியாது. உடைச்சு அழிக்கணும். எல்லாத்துலயும் கம்பெனி முத்திரை இருக்கு."

"வாங்கினது நாம. உடைக்கச் சொல்றதுக்கு அவங்க யாரு?"

முதலாளி காலையிலிருந்து டைல்ஸ் போடுகிறவரோடு வாக்குவாதம் செய்து ஓய்ந்திருந்தார். இன்னொன்றுக்குத் தெம்பில்லை. லாரி வீட்டுப் பக்கம் திரும்பியது.

ஒரு கட்டில் என்று ஆரம்பித்தது ஒன்றோடு நிற்கவில்லை. விளக்குகள் வந்தன, திரைச்சீலை வந்தது, தரைக்கம்பளம் வந்தது. ஒவ்வொரு அறையிலும் மாட்டியிருந்த அதே பாய்மரக் கப்பல் படம் இப்போது கூடத்தில் மூன்று, படுக்கையறையில் இரண்டு. வீட்டிலிருந்த சொந்தச் சாமான்களை அவள் உறவுக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டாள். சாய்வு நாற்காலியில் அவளுடைய அப்பா உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். நலம் விசாரிக்க வந்த சொந்தங்கள் மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. வேலை நடந்ததால் ஓட்டல் காலியாகக் கிடந்தது, வீட்டில்தான் இடமில்லை.

வேலை முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து சோதனை அதிகாரி வந்தார். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பெண்மணி. அவர் ஒப்புதல் தரும்வரை ஓட்டலில் யாரும் தங்கக்கூடாது, அவரும்தான். அன்று ஏதோ மாநாடு, மற்ற ஓட்டல்களெல்லாம் நிரம்பிவிட்டன. "அதனால என்ன, நம்ம வீட்டுல தங்கட்டும்" என்று மனைவி அழைத்தே விட்டாள்.

முதலாளி மனைவியைத் தனியே கூப்பிட்டு, "முத்திரை தெரியற இடத்துல எல்லாம் துணியைப் போட்டு மூடு" என்றார். அவளும் மூடினாள், கையில் கிடைத்த துண்டுகளால். துண்டுகளிலும் முத்திரை இருந்தது.

மறுநாள் அதிகாரி தாமதமாக எழுந்து வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"இப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு" என்றவர், காபியை வாங்கிக்கொண்டு திரைச்சீலையைத் தடவிப் பார்த்தார். "இதைத் தேர்வு பண்ணின குழுவுல நானும் இருந்தேன்."

முதலாளி தரையைப் பார்த்தார். கம்பளமும் அவர்களுடையதுதான்.

"அப்புறம் ஏன் மேடம் மாத்தினீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லா ஓட்டல்லயும் இதே இருந்துச்சு. அதான்."

அன்று ஓட்டலை அங்குலம் அங்குலமாக அளந்து, தேர்ச்சி என்று சொல்லிவிட்டார். புறப்படும்போது சற்றுத் தயங்கினார். "சார், வீட்டுல பார்த்ததையும் நான் எழுதியாகணும்."

"நல்லாத் தூங்கினதையும் எழுதுவீங்களா?"

"அதுக்கு அறிக்கையில இடம் இல்ல சார்."

நேர்மையானவர், சொன்னபடியே எழுதினார். கம்பெனியின் வக்கீல் கடிதம் வந்தது. முதலாளியின் வீடு, கம்பெனியின் முந்தைய வடிவமைப்பைப் பயன்படுத்தும் அனுமதி பெறாத கிளை. ஒன்று, அதை இப்போதைய தரத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அல்லது சாமான்களை ஒப்படைக்க வேண்டும்.

"கிளைன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல? கெஸ்ட்டையும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

முதலாளி சிரித்தார். வேலை ஆரம்பித்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டு, ஒப்படைக்கிறேன் என்று பதில் எழுதினார்.

கம்பெனியின் ஆட்கள் வந்து கட்டில்களைக் கழற்றினார்கள். பாய்மரக் கப்பல்கள் வரிசையாக வெளியேறின, பின்னாலேயே சொந்தங்களும். மாமனார் மட்டும் சாய்வு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மாப்பிள்ளை, இதுல முத்திரை எங்க இருக்கு?"

"அடியில மாமா."

"அப்ப நான் எழுந்திரிச்சாத்தானே தெரியும்" என்றவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்கள் மதியம்வரை நின்று பார்த்தார்கள். பிறகு அவரை வணங்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மற்றவர்களுக்குப் படுக்க எதுவுமில்லை. கொடுத்த சாமான்களைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு வாய் வரவில்லை. புதுக் கட்டில்கள் வாங்கும்வரை ஓட்டலிலேயே தங்குவது என்று முடிவாயிற்று. கம்பெனி விதிப்படி உரிமையாளரும் விருந்தினராகத்தான் பதிவு செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தாள். புதிய சாம்பல் சீருடையில் மேனேஜரான அவள் தம்பி நின்றிருந்தான்.

"கட்டிலாடா அது? பலகை. முதுகு போச்சு."

"உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"டேய், நான் உங்க அக்காடா."

"தெரியும்க்கா. இதைத்தான் சொல்லணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

அவள் பெருமூச்சோடு நகர்ந்தாள். அடுத்ததாக வரிசையில் முதலாளி நின்றிருந்தார். அவருக்குக் குளியலறைக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.