மூன்றாம் இரவின் பள்ளம்

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, சுருளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளர் வைத்திருந்தாள் அக்கா. பத்தொன்பது நாள் தரைவழிப் பயணம். ஆறு ஏரி, நான்கு எரிமலை. பாதை போடுவது தம்பி, பயணிகள் வண்டியை ஓட்டுவது அத்தான் என்றுதான் இதுவரை இருந்தது. அத்தான் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. இனி ஓட்டப்போவது அக்கா.

"இந்த ஏரி எப்படி வந்துச்சு தெரியுமாக்கா? எரிமலைக் குழம்பு ஆத்தை மறிச்சிடுச்சு, தண்ணி தேங்கிடுச்சு. அதனால ரோடு கரையோரமா போகாது, இறுகின குழம்பு மேலயே ஏறும். பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது."

"உங்க அத்தான் இருபதுல விரட்டியிருப்பாரு. அப்புறம் ஸ்பிரிங் போச்சுன்னு என்னைத் திட்டுவாரு."

இருவரும் சிரித்தார்கள்.

"சரி, மூணாவது ராத்திரி? போன தடவை தங்கின இடம்தானே?"

தம்பிக்குப் பென்சில் ஓடவில்லை.

பனிமலைப் பாதைகளில் கற்ற பழக்கம் அவனுக்கு: தங்குமிடம் என்றால் காற்றுப் படாத பள்ளமாகப் பார்த்து வட்டம் போடுவான். மற்ற இடங்களில் அது சரி. எரிமலை அடிவாரத்தில் சில இடங்களில் மண்ணிலிருந்து கரியமில வாயு கசியும். காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றடித்தால் கலைந்துவிடும், அடிக்காத இடத்தில் அப்படியே கிடக்கும். நிற்பவன் தப்பலாம், படுத்தவன் எழுந்திருக்க மாட்டான். போன பயணத்தின் மூன்றாம் இரவில் பயணிகள் வண்டியின் மேல்தட்டில் தூங்கினார்கள். அத்தான் மட்டும் தரையில், கூடாரத்தில்.

உடலை எடுக்கப் போனபோது பள்ளமெங்கும் குருவிகள் செத்துக் கிடந்ததைத் தம்பி பார்த்தான். வீட்டுக்கு வந்து வேறு கதை சொன்னான்: குளிருக்கு ஸ்டவ்வைக் கூடாரத்துக்குள்ளே எரியவிட்டுத் தூங்கி, மூச்சுமுட்டி இறந்துவிட்டார். அக்காவும் பத்து வயது மகளும் நம்பினார்கள்.

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்கா அங்கேதான் போய்ப் படுப்பாள்.

"அங்க வேணாம்க்கா. மேட்டுல தங்கிக்கோ."

"நீயா சொல்றே? மேட்டுல காத்து கூடாரத்தைப் பிச்சுக்கிட்டுப் போயிடும்னு அவர்கிட்ட மல்லுக்கு நின்னவன்டா நீ!"

"அவர் சொன்னதுதான்க்கா சரி. ஸ்டவ்வெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தப் பள்ளத்துல விஷவாயு. நான் போட்ட வட்டம்."

அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஸ்டவ்வைப் பத்தவே இல்லையா?"

"பெட்டிய விட்டே எடுக்கல."

"உங்கப்பா அஜாக்கிரதையா இருந்துட்டாருடி, நீயாவது பார்த்து நடந்துக்கோன்னு பாப்பாகிட்ட பதினோரு மாசமா சொல்லிட்டிருக்கேன். அவ அப்பா போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வெச்சிருக்கா."

"அக்கா..."

"என்கிட்ட அழாதே. உள்ள படிச்சிட்டிருக்கா. ஒரு வார்த்தை விடாம நீயே போய்ச் சொல்லு."

அவன் எழுந்தான். நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கு உள்ளேயிருந்து பாப்பா குரல் கொடுத்தாள்.

"மாமா, கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா," என்று அறைவாசல் வரை போய் நின்றான்.