பூஜையில் இருந்த என்ஜின்

இஞ்ஞாசி ஒரு முடிவெடுத்துவிட்டால் மாதாவே இறங்கி வந்து சொன்னாலும் மாற்றமாட்டார் என்பது அவர் மனைவி ரூபியின் தீராத குறை. மகள் லொரைனைக் கல்யாணத்துக்குத் தன் பழைய காரில்தான் மாதா கோவிலுக்கு அழைத்துப்போவேன் என்பதும் அப்படிப்பட்ட முடிவுதான். பாலர் பள்ளிக்கும் பல் டாக்டரிடமும் அவளை அதில்தான் கூட்டிப்போனார். கல்யாணம் முடிந்த கையோடு அவள் மாப்பிள்ளையுடன் மெல்பர்ன் போய்விடுவாள். அப்புறம் அவளை எங்கே கூட்டிப்போவது? 

நேரம் பார்த்துக் காரின் என்ஜின் கண்ணை மூடியது. வேறு யாராவது வாடகைக்கு ஒரு கார் எடுத்திருப்பார்கள். இவர் போய் நொறுங்கிப்போன போலீஸ் கார் ஒன்றை வாங்கிவந்தார். இவருடைய காரின் அதே மாடல். லாரி இடித்துப் பின்பக்கம் அப்பளமாகியிருந்தாலும் என்ஜினில் ஒரு கீறல் இல்லை.

"போலீஸ் வண்டி லா! ஆயில் மாத்தாம ஒருநாள் ஓடியிருக்காது" என்று ரூபியிடம் பீற்றிக்கொண்டார்.

லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் பட்டறை வைத்திருக்கும் வடிவேலு, அந்தக் காரைச் சந்துமுனையில் நிறுத்தினார். கதவில் ஒட்டியிருந்த போலீஸ் பட்டையை உரித்தும் அந்தக் களை போகவில்லை. அன்றிலிருந்து வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் ஒருவரும் வண்டி நிறுத்தவில்லை. பியர் பாட்டிலோடு உட்காருகிறவர்கள்கூட அதைப் பார்த்ததும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"கல்யாணத்தன்னைக்குக் காலையில மாட்டிடுறேன்ணே. மத்தியானம் ஜம்முனு போங்க" என்றார் வடிவேலு.

கல்யாணத்தன்று காலையில் இஞ்ஞாசி போய்ப் பார்த்தால், பழைய என்ஜினைக் கழற்றிய அவருடைய கார் ஓரமாக நிற்க, போலீஸ் என்ஜின் சங்கிலியில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாலை. நெற்றி என்று ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், குங்குமம். கீழே ஸ்பேனர்களும் ஜாக்கியும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. ஆயுத பூஜை! இஞ்ஞாசியின் காலண்டரில் புனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். வடிவேலுவோ காலண்டர் பக்கமே போகாதவர்.

"பூஜையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்ணே. கல்யாண நாளும் அதுவுமா வேணாம்" என்றார் வடிவேலுவின் மனைவி சந்திரமதி.

பக்கத்துப் பட்டறை ஆரிஃபிடம் ஓடினார் இஞ்ஞாசி. ஆரிஃப் தலையைச் சொறிந்தார். "என்னோட டூல்ஸையும் நேத்து வடிவேலு கடன் வாங்கிட்டாரு, அங்கிள். அதுக்கும் பொட்டு வச்சிட்டாங்க லா."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இஞ்ஞாசி ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அழாத குறை.

அடுத்த தெரு அழகு நிலையத்தில் அலங்காரம் முடிந்து, வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி லொரைன் வந்தாள். பின்னால் பட்டுச்சேலையில் ரூபி.

"டாக்ஸி பிடிங்க!" என்று சீறினாள் ரூபி.

லொரைன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தொங்கும் என்ஜினைப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே மா" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பழைய காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சந்திரமதி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "தள்றதுக்கு டூல் எதுக்கு? கை போதும்."

இஞ்ஞாசி ஸ்டியரிங்கைப் பிடிக்க, வடிவேலுவும் ஆரிஃபும் எதிர்க் கடைக்காரர்களும் பின்னாலிருந்து தள்ள, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்க, என்ஜின் இல்லாத கார் ஜாலான் புசார் சாலைக்குள் நுழைந்தது. பூங்கொத்தைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்த ரூபி, வழிநெடுக இஞ்ஞாசியின் பரம்பரையையே திட்டினாள்.

பாதி வழியில் நிஜப் போலீஸ் கார் ஒன்று வந்து நின்றது. ஷங்கர் என்று பெயர் குத்தியிருந்த இளைஞர் இறங்கினார்.

"ஏன் தள்றீங்க? என்ஜின் என்னாச்சு?"

"பூஜையில இருக்கு சார். உங்க டிபார்ட்மென்ட் என்ஜின்தான்" என்றார் வடிவேலு.

ஷங்கர் மணப்பெண்ணைப் பார்த்தார். முன்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார், வெறும் குழி. எந்தச் சட்டத்தில் இதைச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் விளக்கைச் சுழலவிட்டுப் பின்னாலேயே காவலாக ஊர்ந்து வந்தார்.

காருக்குள் என்ஜின் சத்தம் இல்லை. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. ஓஃபிர் சாலை திரும்பியதும் லூர்து மாதா கோவில் கோபுரம் தெரிந்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். லொரைன் அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா... கொஞ்சம் மெதுவா போங்களேன்."

இஞ்ஞாசி உடம்பின் பாரத்தையெல்லாம் காலில் இறக்கி பிரேக்கை மிதித்தார்.

"அண்ணே! நாங்க தள்ளிக்கிட்டிருக்கோம், எதுக்கு பிரேக்கு?" என்று பின்னாலிருந்து வடிவேலு கத்தினார்.

இஞ்ஞாசி காலை எடுக்கவில்லை.