ரேக்கோடு வந்தவர்கள்

மூடப்பட்ட முதல் கிளையிலிருந்து அடுத்த கிளைக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரியில், இசைத்தட்டுப் பெட்டிகளோடும் மர ரேக்குகளோடும் நான்கு வாடிக்கையாளர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களில் இருவர் இறந்துபோனவர்கள். வழியில் அவர்களுக்காக எங்கும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை என்றும், மேட்டில் ஏறும்போது பெட்டிகள் சரியாமல் பிடித்துக்கொண்டது உதவியாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு லாரிக்காரர் கையெழுத்துக் கேட்டார். வாங்கிக்கொள்ள நின்றவள் பூட்டக்கா. காலையில் அந்தக் கிளையை அவளே பூட்டிவிட்டு, பேருந்தில் முன்னால் வந்து காத்திருந்தாள். "உள்ள யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தானே பூட்டினேன்" என்று மட்டும் சொன்னாள். ரேக்குகளைச் சுவரோரம் நிறுத்தியதும் நால்வரும் அவரவர் ரேக்கின் முன் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து தட்டுகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

அந்தக் கடைகளுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சிவப்பில் கதவு என்பதால் ஊருக்கெல்லாம் அது சிவப்புக் கதவு. ஒரு காலத்தில் காதலிக்கிறவர்களும் கடன்காரனிடமிருந்து ஒளிகிறவர்களும் மழைக்கு ஒதுங்குகிறவர்களும் "சிவப்புக் கதவுல நிக்கிறேன், வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இசைத்தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, பிறகு பழைய இசைத்தட்டே புது விலையில் திரும்பி வந்தது; அதற்குள் பாட்டெல்லாம் செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதால் கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை. கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூடுகிற நாளில் மட்டும் கூட்டம் தாங்காது. கதவோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், ரேக்கைத் தடவிப் பார்ப்பார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள். அழுகிறவர்களில் பாதிப்பேர் கடைக்குள் கால் வைத்தே பல வருஷம் ஆகியிருக்கும். "இந்தக் கண்ணீரை மாசம் ஒரு தட்டா வாங்கியிருந்தா கடை நின்னிருக்கும்" என்பாள் பூட்டக்கா, அவர்கள் காதில் விழாதபடி.

அவளுக்கு அந்தப் பெயர் தானாக வந்தது. கவுண்டரில் பில் போடும் பெண்ணாகச் சேர்ந்து, நரை விழும்போது கிளைப் பொறுப்புக்கு வந்தவள். முதல் கிளையை மூடச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு தட்டு உடையாமல், வேலை போனவர்களில் ஒருவர்கூடக் கல்லெறியாமல் மூடிக் கொடுத்தாள். கெட்டிக்காரி என்று அடுத்ததையும் கொடுத்தார்கள். வேலை செய்யத் தெரிந்தவன் தலையில்தானே வேலையை ஏற்றுவார்கள். அதன்பின் அவள் ஒரு கிளையின் படியேறினாலே, "பூட்டக்கா வந்துட்டாங்க, மூட்டையைக் கட்டுங்க" என்று உள்ளே முணுமுணுப்பு எழும். டீ கொடுப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முதல் கிளையில் அவளும் அழுதாள். இரண்டாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கை முடித்தாள். பிறகு பிறகு கால்தான் வலித்தது.

மூன்றாவதாக மூடியது அவள் வேலைக்குச் சேர்ந்த கிளை. அவளுடைய வீட்டுக்காரரை அவள் முதலில் பார்த்ததும் அங்கேதான். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், எல்லோருக்கும் லிஃப்ட்காரர். ஒருநாள் கவுண்டருக்கு வந்து, தேடுகிற பாட்டின் பெயர் தெரியவில்லை என்று மெட்டை முனகிக் காட்டினார். அந்த முனகலை வைத்துப் பெற்ற தாய்கூடப் பாட்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது. "தெரியலைங்க" என்றாள். மறுநாளும் வந்து முனகினார். ஒரு வருஷம் முனகியபின் கல்யாணம் ஆயிற்று. பாட்டு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலை முடிந்து நேரே கடைக்குப் போவார். அவளுக்கு விடுமுறை என்றாலும் அவருக்குக் கிடையாது. மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்குப் போனாள். அவர் எண்ணெய்க் கறை படிந்த சாம்பல் நிறச் சட்டையோடு ரேக்கின் முன் நின்று புரட்டிக்கொண்டிருந்தார். குடி இல்லை, சூது இல்லை, கை நீட்டிய பழக்கம் இல்லை, எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு அலுவலகத்தின் நான்காம் மாடியில், லிஃப்டைச் சரிசெய்து கதவைத் திறந்து காட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அந்தக் கிளையின் சரக்கு அடுத்த கிளைக்கு வந்து இறங்கியபோது, லாரியின் முன்பக்கம் டிரைவர் பக்கத்திலிருந்து அவர் இறங்கினார். அதே சாம்பல் நிறச் சட்டை. "பின்னால குலுங்கும்னு முன்னால உட்கார வச்சேன்க்கா, இடுப்பு வலின்னாரு" என்றார் லாரிக்காரர். பூட்டக்கா இறக்கிய பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைத் தாண்டிப் போய் ரேக்கின் முன் நின்றார். அவள் எழுந்து பின்னாலேயே போய், "என்னங்க" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா. இந்த வரிசையை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார், திரும்பாமல்.

செத்தும் திருந்தாத மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் அழுகை வந்தது. ஷட்டர் இறக்கும் நேரம்வரை காத்திருந்து பார்த்தாள். வரிசை முடிவதாக இல்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு வருஷங்கள் லாரியில் ஏறி இறங்கின. ஒரு கிளை மூடும், அங்கே நின்றவர்கள் ரேக்கோடு அடுத்த கிளைக்கு வருவார்கள். குடையோடு வரும் ஒரு பெண்மணி இருந்தார். ஒரு குறிப்பிட்ட தட்டு இன்னும் விற்காமல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிம்மதியாகத் திருப்பி வைப்பார், சற்றுப் பொறுத்து மறுபடி பார்ப்பார். உயிரோடு இருக்கிற ஒரு வாத்தியார் நின்றார். அவரே வீட்டில் சாய்வு நாற்காலியிலும் இருப்பதாக அவர் மருமகள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்; வீட்டில் இருப்பவர் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறார், அவ்வளவுதான், அதற்கென்ன செய்வது என்று போய்விட்டாள். இவர்கள் சாப்பிடுவதில்லை, மின்விசிறி கேட்பதில்லை, எதையும் வாங்குவதும் இல்லை. மேற்பார்வைக்கு வந்த மேலாளர் நெரிசலைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். "இவ்வளவு கூட்டம் இருக்கு, வியாபாரம் ஏன் இல்ல?" என்று கேட்டார். "எப்பவும் போலத்தான் சார்" என்றாள் பூட்டக்கா. அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

தினமும் வேலைக்கு வந்ததும் அவள் வீட்டுக்காரரின் பக்கம் போய், ரேக்கைத் துடைப்பதுபோல் நின்று ஏதாவது சொல்வாள். மகளுக்கு வேலை கிடைத்தது, மகள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டது, குழாய் ஒழுகுவது. "உம்" என்பார் அவர். உயிரோடு இருந்தபோதும் உம்தான். ஆனாலும் அப்போது அந்த உம்மைத் தொடர்ந்து ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது முதுகு மட்டும்தான். ஒருமுறை கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனாள். கதவைத் தாண்டும்போது கை பஞ்சுபோல லேசாகி, திரும்பிப் பார்த்தால் அவர் ரேக்கின் முன் நின்றுகொண்டிருந்தார். ரேக் எங்கேயோ அவர் அங்கே. அதைப் புரிந்துகொண்டதும் அவள் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டாள்.

மகளிடம் சொல்லாமல் இல்லை. மகள் நம்பாமலும் இல்லை. "அங்கதான் இருப்பாரு, வேற எங்க போவாரு" என்றாள்; பார்க்க வர மறுத்துவிட்டாள். சின்ன வயதில் பள்ளி வாசலில் கடைசி ஆளாக நின்ற சாயங்காலங்களை அவள் மறக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கிளை மிஞ்சியது, அதையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தட்டுகளை மொத்தமாக ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டார். ரேக்குகளை யாருக்காவது தள்ளிவிடச் சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளி டைல்ஸ் கடை வைத்திருந்தவர் வந்து பார்த்தார். தரைக்கும் சுவருக்குமான மாதிரி டைல்களை நிறுத்தி வைக்க, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க, இதைவிடத் தோதான ரேக் கிடைக்காது என்றார். பூட்டக்கா மறைக்கவில்லை.

"ரேக்கோட ஆளுங்களும் வருவாங்க."

டைல்ஸ்காரர் சுற்றிப் பார்த்தார். "சாப்பாடு போடணுமா?"

"வேண்டாம்."

"சம்பளம்?"

"வேண்டாம்."

"அப்போ வரட்டும். கடையில நாலு பேர் நின்னாத்தானே இன்னும் நாலு பேர் வருவாங்க" என்றார்.

கடைசி நாள், அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக மகள் வந்தாள். வெளியே வழக்கம்போலக் கண்ணீரும் செல்போன் படமும் நடந்துகொண்டிருந்தன. உள்ளே தட்டுகள் போய்விட்டிருந்தன. நிற்கிறவர்கள் காலி ரேக்கில் காற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் அந்தச் சாம்பல் முதுகைப் பார்த்தாள். இத்தனை காலம் நெஞ்சில் அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ, "அப்பா" என்று மட்டும் வந்தது.

அவர் திரும்பிவிட்டார். "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே?"

"கடையை மூடுறாங்கப்பா."

"அப்படியா? மூடட்டும். நீ வேளைக்குச் சாப்பிடறியா?"

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அவர் அவள் தலையில் கையை வைத்திருந்தார், மற்றொரு கை ரேக்கின் விளிம்பை விடவில்லை. பக்கத்தில் சாவிக்கொத்தோடு நின்ற பூட்டக்காவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இத்தனை வருஷம் தான் கூப்பிட்டும் திரும்பாத தலை, மகளின் ஒரே அழைப்பில் திரும்பிவிட்டது. வயிறெரிந்தது, பெற்ற மகளைப் பார்த்தா எரிவது என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஒரு ரேக்கை மட்டும் நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்மா. கூடத்துல வச்சுக்கலாம். அப்பாவும் வந்துடுவாரு" என்றாள் மகள், மூக்கைத் துடைத்தபடி.

பூட்டக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கூடத்தில் ரேக் இருக்கும், அதன் முன் அந்த முதுகு இருக்கும். அவள் துணி மடிப்பாள், காய் நறுக்குவாள், தூங்கி எழுவாள், முதுகு இருக்கும். மகள் வேலைக்குப் போய்விடுவாள். திரும்பும் முகம் மகளுக்கு, மிச்ச நேரத்து முதுகு தனக்கு.

"வேண்டாம்டீ" என்றாள்.

"என்னம்மா சொல்றே? அப்பாவை டைல்ஸ் கடைக்கா அனுப்பறே?"

"வீட்டுல இருந்தப்போ அவர் எப்போ வீட்டுல இருந்தாரு? அவர் நின்ன கடையை எல்லாம் பூட்டிப் பூட்டி, அவரை ஊர் ஊரா ஏத்தி இறக்கி, எனக்கு முடியலைடீ. அவர் நிக்கட்டும். நான் உட்காரணும்."

லிஃப்ட்காரருக்கு இது காதில் விழுந்ததா தெரியாது. ரேக்குகளை ஏற்றியபோது அவர் முன்பக்கம் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பூட்டக்கா சிவப்புக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை மேலாளர் கையில் வைத்தாள். அவளுக்கு எந்த உணர்ச்சியும் வரவில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைக்குமா என்றுதான் கவலைப்பட்டாள்.

மகள் அவளோடு சரியாகப் பேசாமல் ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரே வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்கள். பூட்டக்கா நிறையத் தூங்கினாள். சிவப்புக் கதவு இருந்த கட்டிடம் மருந்துக்கடை ஆயிற்று, கதவுக்கு வெள்ளை அடித்தார்கள். டைல்ஸ் கடையில் குடைப் பெண்மணி நிற்பதாகவும், வாத்தியார் போய்ச் சேர்ந்தபின் இன்னும் தெளிவாகத் தெரிவதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் சிமெண்ட் விலைப் பேச்சோடு கலந்துபோயிற்று.

மகள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் சுவர் உதிர்ந்தது. டைல்ஸ் ஒட்டாமல் முடியாது என்றார் கொத்தனார். "அம்மா, வர்றியா?" என்றாள் மகள், நீண்ட நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்து. இருவரும் போனார்கள். டைல்ஸ்காரர் பூட்டக்காவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். "உங்க ஆளுங்க வந்ததுல இருந்து விரிசல் விட்ட சரக்கு ஒண்ணுகூட வெளியே போகலைங்க" என்று லிஃப்ட்காரர் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் டைல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை உருவி, காதருகே பிடித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். இன்னொன்றைத் தட்டினார். வைத்தார். பூட்டக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கூப்பிடவில்லை. வெளிர்பச்சையில் ஒன்றைத் தட்டியபோது அவர் கண்ணை மூடி, அந்தப் பழைய மெட்டை மெல்ல முனகினார். இரண்டாம் முறை தட்டினார். பிறகு முழுசாகத் திரும்பி, அவளிடம் வந்து நீட்டினார்.

"இந்தா, ரெண்டு கையால பிடி. கனம்."

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பச்சை பிடிக்காதேப்பா" என்றாள் மகள்.

"நிறத்தை விடு. கேளு."

குனிந்து, பூட்டக்காவின் மடியிலிருந்த டைலைத் தட்டினார். மூவரும் கேட்டார்கள். டைல்ஸ்காரரும் பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் பூட்டக்கா. மகள் இரண்டு பெட்டி சொன்னாள். கொத்தனார் அந்த வாரமே ஒட்டி முடித்தார். சுவர் பச்சையாக இருக்கிறது.