வெட்டிப்போட்ட துண்டு

நாற்காலியில் உட்காரவைத்த சின்னானின் உடம்பு முன்னால் சரியாமலிருக்க, அன்புக்கரசி ஒரு வேட்டியை அப்பன் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் முடிந்தாள். போத்தனூர் ஸ்டுடியோக்காரர் அப்புசாமி கேமராவோடு வாசலில் காத்திருந்தார். பிணத்தைப் படமெடுக்க அவளுக்கு மனசில்லை. தம்பியிடம் இன்னொரு தடவை கேட்டாள்.

"ஏன் ரூபா, உங்கிட்ட அப்பன் படம் ஒண்ணுகூடவா இல்ல?"

சொன்னால் வெட்கக்கேடு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் படச்சுருள்களைப் பொறுக்கி, வெட்டி ஒட்டி, வீடியோவாக்கிக் கண்காட்சி வைப்பதுதான் ரூபனின் வேலை. யார் யாரோ செத்தவர்களையெல்லாம் டிவிப் பெட்டிக்குள் நடமாடவிட்டவன், பெற்ற அப்பனை ஒரு போட்டோ எடுத்துவைக்கவில்லை.

போன வருசம் ஒரு சுருளில் அப்பனே அகப்பட்டார். அப்பன் வேலைபார்த்த நிலக்காரர் பண்ணாடியின் தோட்டத்தில், பம்புசெட் விளம்பரத்துக்காக அந்தக் காலத்தில் எடுத்தது. மோட்டார் இறைத்த முதல் தண்ணீரைப் பண்ணாடி சொம்பில் பிடித்து, எட்ட நின்று ஊற்றுகிறார். பண்ணையாள் சின்னான், இளவட்டம், குனிந்து கையேந்திக் குடிக்கிறார். குடித்து முடித்ததும் நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் ரூபனுக்கு இடைஞ்சல். பார்க்கிறவர்களுக்கு மனசு ஆறிவிடுமே. அதை நறுக்கிக் குப்பையில் எறிந்தான். குனிந்து குடிக்கிற படத்துண்டின் இரண்டு முனைகளையும் ஒட்டி, சுற்றிச்சுற்றி ஓடவிட்டு வீடியோவில் பிடித்தான். சின்னான் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். மெட்ராஸ் கண்காட்சியில் ஆளாளுக்கு வந்து கைகொடுத்தார்கள்.

பெருமையோடு அப்பனுக்கும் கேசட்டைப் போட்டுக் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நானு எப்பக் கண்ணு நிமுருவேன்?"

நிமிர்ந்தால் அர்த்தமே போய்விடும் என்று ரூபன் வாத்தியார் கணக்காக விளக்கினான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"செரி கண்ணு. உங்கம்மா அந்தப் படக்காரருக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. புதுசாக் கட்டிட்டு வந்தவ. அவளப் பாத்துத்தான் சிரிச்சேன். அதைய ஒருக்காப் பாத்துப்போட்டாத் தேவலை."

அம்மா பாவாத்தாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேடி எடுத்து வருகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னான் ரூபன். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பன் கேட்டார். பிறகு, மகனைச் சங்கடப்படுத்த வேண்டாமென்றோ என்னவோ, கேட்பதை விட்டுவிட்டார். அவர் கேட்காமல் விட்டதுதான் ரூபனை இப்போது அறுத்தது.

"ஒண்ணு இருக்குதுக்கா," என்றான். "மூஞ்சி தெரியாது."

அவள் அப்புசாமியைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அப்புசாமி கேமராவைக் கண்ணில் வைத்தவர் இறக்கினார். பிணத்தின் தலை நெஞ்சில் தொங்கிக் கிடந்தது. யாரையாவது தலையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்.

ரூபன் நாற்காலிக்குப் பின்னால் போய் அப்பனின் தாடையைத் தூக்கினான். நரைமுள் உள்ளங்கையில் குத்தியது. விட்டதும் தலை சரிந்தது. மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கை படத்துல உழுகுதுங்க," என்றார் அப்புசாமி.

"உழுகட்டுமுங்க."

அவர் படமெடுத்து முடித்துக் கேமராவைப் பையில் வைத்தார். பாடைத்தேரில் ஏற்ற நேரமாகிவிட்டதென்று பங்காளிகள் வந்து வேட்டி முடிச்சை அவிழ்த்தார்கள். ரூபன் கையை எடுக்கவில்லை.